பார்வையாளர் பதிவேடு

வானொலி நிலையம் ஒன்றில் இருபத்தொரு நாள் இன்டர்ன்ஷிப் முடித்து வந்த என் மாணவி, அறிக்கையோடு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தாள். "மேடம், அங்க நான் யாரு?" என்றாள். நிலைய வாசலில் காவலர் மேசைமேல் நீளமான நோட்டு ஒன்று இருந்திருக்கிறது. பெயர், ஊர், யாரைப் பார்க்க, எதற்காக, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. அதற்குப் பெயர் பார்வையாளர் பதிவேடு. இருபத்தொரு நாளும் அதில் எழுதிய பிறகுதான் அவளை உள்ளே விட்டார்கள். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் முதல் வாரம் நிகழ்ச்சி அலுவலரின் பெயரை எழுதினாள். இரண்டாம் வாரம் கோடு போட்டாள். மூன்றாம் வாரம் 'யாரையும் இல்லை' என்று எழுதினாளாம். யாரும் அதைப் படிக்கவில்லை.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. இன்டர்ன்ஷிப் என்பதைத் தமிழில் உள்ளகப் பயிற்சி, உள்ளுறைப் பயிற்சி என்று எழுதுகிறோம். புளியங்குடியிலிருந்து ஒரு பெண்பிள்ளை முதன்முறையாகத் தனியே பேருந்தேறி வெளியே போவதற்கு 'உள்ளகம்' என்று பெயர். உள்ளே போனவளை நோட்டுப் புத்தகம் வெளியாள் என்று குறித்துக்கொள்கிறது. தமிழ் படித்தவளுக்கு அகம், புறம் என்ற சொற்களைக் கண்டால் நின்று யோசிக்கும் பழக்கம் உண்டு. பெண்ணின் குரலை வானொலி எப்போது உள்ளே விட்டது, குரலுக்கு உரியவளை எப்போது உள்ளே விட்டது என்று தேடத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

கேட்டவர்கள்

எங்கள் ஊரில் வானொலியின் கதை கேட்டவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். என் ஆச்சி பீடி சுற்றியவள். மடியில் சுளகு, சுளகில் நறுக்கிய இலையும் தூளும், முழங்காலருகே நூல்கண்டு. கண்ணும் கையும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதைத்தான் வானொலி எடுத்துக்கொண்டது. திரைப்படம் பார்க்க வேலையை நிறுத்த வேண்டும், புத்தகம் படிக்க எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். வானொலிக்கு இரண்டும் தேவைப்படவில்லை. தென்காசி, கடையநல்லூர், புளியங்குடிப் பகுதிகளில் பீடி சுற்றும் திண்ணைகள்தோறும் அது ஒலித்ததற்குக் காரணம் பொழுதுபோக்கு ஆசை மட்டுமன்று. கைவேலைக்காரிக்குக் கிடைக்கக்கூடிய ஒரே படிப்பு அதுவாக இருந்தது.

ஆனால் அது வீட்டுக்குள் வந்தது பிந்தித்தான். அதற்கு முன் ஊருக்கு ஒரு பஞ்சாயத்து ரேடியோ. ஊர்ப் பொது இடத்தில் ஓர் அறை, வெளியே குழாய் ஒலிபெருக்கி, மாலையானால் செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் பாட்டும். சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் ஆண்கள். பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு கடந்துபோகும்போது கேட்டார்கள். நடைவாசலில் நின்று கேட்டார்கள். 1960களில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்ற நெல் வானொலி வழியாகப் பரவியதால் மக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டார்கள். இந்தியத் தகவல்தொடர்பு வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி அது. அந்த நாற்றைப் பறித்தவர்களும் நட்டவர்களும் களையெடுத்தவர்களும் பெண்கள். 'விவசாயிகளே' என்று அழைத்த குரல் யாரை மனத்தில் வைத்து அழைத்தது என்று கேட்டால், ரேடியோ நெல்லின் கதைக்கு இன்னொரு பாதி இருப்பது தெரியும்.

1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் எங்கள் பக்கத்துக் காதுகளுக்குச் சென்னையும் திருச்சியும் தூரத்து நிலையங்கள். கடல் தாண்டிய இலங்கை வானொலியோ தெளிவாக விழும். அதன் பெண்கள் நிகழ்ச்சிக்குப் 'பூவும் பொட்டும்' என்று பெயர். அந்தப் பெயரில் இன்று நமக்கு ஆயிரம் கேள்வி உண்டு. பூவும் பொட்டும் இழந்த பெண்கள் எந்த நிகழ்ச்சியைக் கேட்பது என்று ஆச்சியே கேட்டிருக்கலாம். அவளுக்கு முப்பத்திரண்டு வயதில் அவை போயின. ஆனாலும் கேட்டாள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலை அவள் தன் சேக்காளியின் குரலைப்போல அடையாளம் சொல்வாள்.

மன்றத்திலிருந்து நிலையம்வரை

இந்தியாவில் ஒலிபரப்பின் தொடக்கத்தைப் பேசும்போது சென்னையை விட்டுவிட முடியாது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பமானது. பணமில்லாமல் 1927இல் நின்றது. அதன் கருவிகளை வைத்துச் சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு நிகழ்ச்சி தந்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் வந்தன. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்குக்கு வந்த ஆறு நிலையங்களில் இரண்டு தமிழ் பேசும் ஊர்களில் இருந்தன.

கிளப், மாநகராட்சி, அரசு இலாகா: இந்த மூன்று படியிலும் முடிவெடுத்தவர்கள் ஆண்கள். பெண் வந்தாள், பாட வந்தாள். பாட்டுக்குப் பெண் குரல் வேண்டும் என்பதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. அறிவிக்க, செய்தி வாசிக்க, விளக்கிச் சொல்ல ஆண் குரல்தான் இயல்பு என்று எண்ணினார்கள். இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. 1933இல் பிபிசி, ஷீலா போரெட் என்பவரைத் தன் முதல் பெண் அறிவிப்பாளராக்கியது. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றே சொல்லப்பட்டது. மணமான பெண் ஓர் ஆணின் வேலையைப் பறிக்கிறாள் என்பது புகார்களில் ஒன்று. சில மாதங்களிலேயே அவர் அந்த இருக்கையிலிருந்து விலக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிபிசி மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில் தடை கொண்டுவந்திருந்தது. போர் ஆண்டுகளில், 1944இல், அது நீங்கியது. ஆளில்லாத காலத்தில்தான் பெண்ணுக்கு ஆள் என்ற கணக்குக் கிடைக்கும்போலும்.

இந்திய வானொலியில் வேறொரு கதவும் சாத்தப்பட்டது. 1946இல் இடைக்கால அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை வல்லபாய் படேலிடம் இருந்தது. சொந்த வாழ்க்கை ஊர்ப் பேச்சானவர்களுக்கு ஒலிபரப்பில் இடமில்லை என்ற விதி அக்காலத்தில் வந்தது. அதில் அடிபட்டவர்கள் வட இந்தியாவின் தவாயிஃப் மரபுப் பாடகிகள். வானொலியின் முதல் ஆண்டுகளில் நிலையங்களை இசையால் நிறைத்தவர்கள் அவர்கள். குடும்பப் பெண்கள் மைக் முன் வரத் தயங்கிய நாளில் வந்தவர்களை, குடும்பப் பெண்கள் வரத் தொடங்கியதும் நிலையம் வெளியே நிறுத்தியது. சங்கப் பாடல்களில் அலர் என்று ஒரு சொல் உண்டு. ஒரு பெண்ணைப் பற்றி ஊர் வாய்விட்டுப் பேசுவது அலர். அலருக்கு ஆளானவள் ஒலிபரப்பில் பாடக்கூடாது என்று ஓர் அரசு விதி எழுதிய இடத்தில், ஈராயிரம் ஆண்டுச் சொல் அப்படியே உயிரோடு இருந்தது.

ஒரு மாணவி

இந்த வரலாற்றில் மாணவி என்று ஒருத்தியைத் தேடினால் முதலில் கண்ணில் படுபவர் உஷா மேத்தா. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. சட்டப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தோழர்களோடு சேர்ந்து பம்பாயில் காங்கிரஸ் ரேடியோ என்ற ரகசிய வானொலியை நடத்தினார். 42.34 மீட்டர் அலைவரிசை. பிடிபடாமலிருக்கக் கருவியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அரசு வானொலியும் தணிக்கைக்குட்பட்ட நாளிதழ்களும் சொல்லாத செய்திகளை அது சொன்னது. நவம்பர் 12 அன்று கைதானார். நான்கு ஆண்டுகள் சிறை. பின்னாளில் காந்தியச் சிந்தனையில் முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார்.

என் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது மாணவிகள் கேட்பது சிறையைப் பற்றியன்று. "அவங்களுக்கு மிஷினைத் தொட விட்டாங்களா மேடம்?" என்றுதான் கேட்கிறார்கள். பயிற்சிக்குப் போய் வந்தவர்களின் கேள்வி அது. நடத்தியவரே அவர்தானே என்கிறேன். வகுப்பு ஒரு நொடி அமைதியாகிறது.

பெயர் சொல்லி வாசிப்பது

டெல்லியிலிருந்து வந்த ஏழே கால் மணித் தமிழ்ச் செய்தியை நாற்பது வயதைக் கடந்த தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சரோஜ் நாராயணசுவாமி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அறிக்கைகளை வாசித்தார். 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காகத் தமிழ்நாடு துக்கப்பட்டது. அவருடைய உச்சரிப்பைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, செய்திக்கு முன் அவர் தன் பெயரைச் சொன்னது. கணவன் பெயரைச் சொல்லக்கூடாத, தன் பெயரையே இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று சுற்றிச் சொன்ன பெண்கள் நிறைந்த வீடுகளில், ஒரு பெண் காலையில் தன் பெயரைத் தானே சொல்லிவிட்டுப் பிரதமர் சொன்னதையும் அரசு சொன்னதையும் வாசித்தார். செய்தி எழுதியவர் வேறு யாராகவும் இருக்கட்டும், அதற்குப் பெயர் கொடுத்தது அவர். லண்டன் பிபிசி தமிழோசையில் ஆனந்தியும் இப்படித்தான் பெயரோடு நம் வீடுகளுக்குள் வந்தார்.

பெயர் ஒரு சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் வானொலியின் அலமாரிகளைப் பார்க்க வேண்டும். ஒலிநாடாக் காலத்தில் நாடாவுக்குத் தட்டுப்பாடு. ஒலிபரப்பு முடிந்த நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவது வழக்கம். தலைவர்களின் உரைகளையும் பெரிய வித்துவான்களின் கச்சேரிகளையும் காப்பகத்துக்கென எடுத்துவைத்தார்கள். மகளிர் நிகழ்ச்சியில் பேசிய ஆசிரியையும், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியும், நடவுப்பாட்டுப் பாடிய கிழவியும் காப்பகத்துக்குத் தகுதியானவர்கள் என்று தோன்றவில்லை. அவர்கள் குரல்மேல் வேறு குரல்கள் பதிந்தன.

காசோலைக்காரி

1969 ஜூலையில் டெல்லியில் யுவவாணி தொடங்கியது. இளைஞர்களுக்காக இளைஞர்களே நடத்தும் ஒலிபரப்பு என்ற எண்ணம் மெல்ல மற்ற நிலையங்களுக்கும் பரவியது. தமிழில் அது இளைய பாரதம். கல்லூரிகளுக்குக் கடிதம் வரும். கவிதை, உரை, நாடகம், கலந்துரையாடல் என்று மாணவர்கள் போவார்கள். பாளையங்கோட்டையிலும் குற்றாலத்திலும் பெண்கள் கல்லூரிகள் இருந்ததால், அப்பா அனுமதித்த ஒரே 'வெளி'யான கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்தப் பக்கத்துப் பெண்களும் நிலையத்துக்குள் நுழைந்தார்கள்.

நானும் அப்படி நுழைந்தவள்தான். 1990களின் கடைசியில் இளைய பாரதத்துக்காகத் திருநெல்வேலி வானொலியில் என் கவிதைகளைப் பதிவு செய்தார்கள். பேருந்தில் அம்மா துணைக்கு வந்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவு மூடியதும் வந்த அமைதி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கூட்டுக் குடும்பத்து வீட்டில் வளர்ந்தவள், என் மூச்சையே நான் அன்றுதான் முதலில் கேட்டேன். பதிவுக்கு முன் ஓர் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சில வாரங்களில் காசோலை வந்தது. சிறிய தொகை. ஆனால் என் பெயரில் வந்த காசோலையை அப்பா கணக்கில் போட முடியாது. அதற்காகவே எனக்கு வங்கிக் கணக்கு தொடங்க வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் சொந்தக் கணக்கு வைத்திருந்த முதல் பெண் நான். கவிதையால் வந்தது என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

இதை ஏக்கத்தில் சொல்லவில்லை. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். அன்று ஒரு மாணவி நிலையத்துக்குள் போனால் அவள் 'நிகழ்ச்சி வழங்குபவர்'. பெயர் அறிவிக்கப்பட்டது, ஒப்பந்தம் இருந்தது, சன்மானம் இருந்தது. இன்று அதே வயது மாணவி இருபத்தொரு நாள் போனால் அவள் 'பயிற்சியாளர்'. நிகழ்ச்சிக்கு எழுதுகிறாள், குரல் கொடுக்கிறாள், தொகுக்கிறாள். முடிவில் சான்றிதழ். பத்து நிமிடப் பேச்சுக்குக் கொடுத்த கௌரவத்தை மூன்று வார உழைப்புக்கு ஏன் கொடுக்க முடியவில்லை? கற்றுக்கொடுக்கிறோமே என்பார்கள். கற்பது உண்மைதான்; கற்றுக்கொண்டே அவள் செய்த வேலை ஒலிபரப்பாவதும் உண்மைதான்.

கடிதப் பெட்டி

பயிற்சி என்ற சொல்லோடு எனக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. முதுகலை முடித்த கோடையில், வேறோர் ஊரின் நிலையம் ஒன்றில் இரண்டு வாரப் பயிற்சிக்குத் தேர்வானேன். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். முதல் நாளே வேலை பிரிந்துவிட்டது. ஆண்களுக்கு ஒலிக்கலவைக் கருவி, வெளிப்புறப் பதிவு, இரவுப் பணி. எங்கள் இருவருக்கும் நேயர் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை. "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார் அங்கிருந்தவர். அவர் கெட்டவரில்லை, தன் மகளுக்கும் அதையே சொல்லியிருப்பார். பாதுகாப்பு என்ற பெயரில் எனக்குக் கிடைக்காமல் போனது ஒரு தொழில்நுட்பம். இன்றுவரை எனக்கு ஒலிக்கலவைக் கருவியை இயக்கத் தெரியாது.

ஆனால் அந்தக் கடிதங்களைப் படித்தேன். சினிமாப் பாட்டு கேட்டு எழுதிய அஞ்சலட்டைகள். பெண்கள் எழுதியவற்றை எளிதில் கண்டுபிடிக்கலாம்: வீட்டிலுள்ள எல்லார் பெயரையும் எழுதி, கடைசியில் தன் பெயரை ஒட்டவைத்திருப்பார்கள். பாட்டைக் கேட்பதற்குக்கூடத் துணை வேண்டியிருந்தது. சில அட்டைகளில் தம்பி பெயர் மட்டும். கையெழுத்தும் மொழியும் அக்காவுடையவை. ஓர் அட்டையில் பெயரே இல்லை: 'ஒரு நேயர், பீடி சுற்றுபவர்' என்று மட்டும். என் முனைவர் பட்ட ஆய்வு வேறு தலைப்பில் நடந்தது. உண்மையில் நான் எழுதியிருக்க வேண்டிய ஆய்வு அந்தப் பெட்டியில் இருந்தது. பயிற்சி முடிந்த வாரம் பழைய கடிதங்களை எடைக்குப் போட்டார்கள்.

பேருந்துக் கட்டணமும் ஆறு நாளும்

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. தமிழ் இலக்கியம் படிக்கும் பெண்களுக்கும் பாடத்திட்டத்திலேயே உள்ளகப் பயிற்சி வந்துவிட்டது. முடித்தால்தான் மதிப்பு அலகு, அலகு சேர்ந்தால்தான் பட்டம். தனியார் பண்பலைக்கும் தொலைக்காட்சிக்கும் சென்னை போக வேண்டும், தங்க வேண்டும். அதனால் எங்கள் பெண்களுக்குப் பொது ஒலிபரப்பு நிலையமே எட்டும் தூரத்தில் இருக்கும் ஊடகம். பிரசார் பாரதி 1997இல் தன்னாட்சி அமைப்பாக நடைமுறைக்கு வந்தபோது 'பொது' என்ற சொல்லைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்டது. அந்தச் சொல்லை நாம் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எட்டும் தூரம் என்றேன். புளியங்குடியிலிருந்து திருநெல்வேலி சங்கரன்கோவில் வழியாக ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். 2021 மே முதல் தமிழ்நாட்டில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து உண்டு. அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு. ஊர்விட்டு ஊர் போகும் பேருந்தில் பயணச்சீட்டு எடுத்தாக வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. அந்த ஆயிரத்தைப் போக வரக் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வகுத்துப் பாருங்கள். இருபத்தொரு நாள் தாங்காது. மிச்சத்தை அம்மா சுற்றும் பீடிதான் ஈடுகட்டுகிறது. ஊதியமில்லாப் பயிற்சிக்கு யாரோ ஒருவர் ஊதியம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். நம் ஊரில் அந்த ஒருவர் பெரும்பாலும் தாய்.

சரி, பயிற்சி முடித்தால் வேலை உண்டா? வானொலியில் நாம் கேட்கும் குரல்களில் பல தற்காலிக அறிவிப்பாளர்களுடையவை. குரல் தேர்வில் தேறி, கட்டணம் கட்டி வாணிப் பயிற்சியும் முடித்துப் பட்டியலில் சேர்ந்தாலும், மாதத்துக்கு ஆறு முறைக்கு மேல் பணி கிடைக்காது என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது. மீதி இருபத்துநான்கு நாளும் அந்தக் குரல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டு நாடெங்கும் தற்காலிக அறிவிப்பாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். அவர்களில் பெண்கள் மிகுதி. 'பெண்களுக்கு ஏற்ற பகுதிநேர வேலை' என்று நாம் பாராட்டும் ஒவ்வொன்றின் அடியிலும் இப்படி ஓர் ஆறு இருக்கும்.

சட்டத்தில் அவள் யார்

மாணவியின் கேள்விக்கு நிலையத்தின் நோட்டு சொன்ன பதில் 'பார்வையாளர்'. சட்டம் வேறு பதில் சொல்கிறது, அதை ஒவ்வொரு மாணவியும் தெரிந்துகொள்ள வேண்டும். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியாளர் யார் என்று விரிவாகச் சொல்கிறது. நிரந்தரம், தற்காலிகம், நாள்கூலி, ஒப்பந்தம், ஊதியம் பெறுபவர், பெறாதவர், தன்னார்வலர், பயிற்சியாளர், பழகுநர் எல்லாரும் அதில் அடக்கம். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். இங்கே 'உள்ளகம்' என்ற சொல் நமக்குப் பயன்படும் பொருளில் வருகிறது.

இதன் அருமை தெரிய அதே 2013இல் நியூயார்க்கில் நடந்ததைப் பார்க்கலாம். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் ஊதியமில்லாப் பயிற்சிக்குப் போன மாணவி பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடுத்தார். ஊதியம் வாங்காததால் அவர் பணியாளர் அல்லர், எனவே அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள்.

நம் சட்டம் முதலிலேயே அப்படி அமைந்தது யாராலும் கிடைத்த வரம் அன்று. ராஜஸ்தானில் பன்வாரி தேவி அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்', அதாவது தோழி. மதிப்பூதியத்துக்கு வேலை செய்தவர். முறையான அரசு ஊழியர் என்ற கணக்கில் வராதவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். குற்றவியல் வழக்கில் அவருக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனால் அதிலிருந்து எழுந்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. ஊழியர் பதிவேட்டில் சரியாக இடம்பெறாத ஒரு பெண்ணின் காயத்திலிருந்து வந்த சட்டம் அது. ஊதியமில்லாதவளையும் அது பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்வதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. ஆகவே பயிற்சிக்குப் போகும் முதல் நாளே, அந்த நிலையத்தின் உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை எங்கே என்று கேளுங்கள். அச்சத்தால் கேட்க வேண்டாம். நான் இங்கே யார் என்று தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

பேர் சொல்லலியே

என் மாணவி அங்கே நிறையக் கற்றாள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சை எங்கே வைப்பது, தாளைத் திருப்பும் ஓசை மைக்கில் விழாமல் எப்படிப் பிடிப்பது, நேரலையில் தவறினால் எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொன்னாள். கற்றுக்கொடுத்தவர் அங்கே பல ஆண்டுகளாகத் தற்காலிக அறிவிப்பாளராக இருக்கும் ஓர் அக்கா. கருவியையும் தொடவிட்டிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்தது. இதை நான் குறைத்துச் சொல்லக்கூடாது.

கடைசி வாரம் அவள் எழுதி வாசித்த ஏழு நிமிட நிகழ்ச்சி ஒலிபரப்பானது. பொருள், எலுமிச்சைத் தோட்டங்களில் காய் பொறுக்கும் பெண்கள். இப்போது கைபேசிச் செயலியில் எந்த ஊர் நிலையத்தையும் கேட்கலாம். சுளகை மடியில் வைத்துக்கொண்டு அவள் அம்மா கேட்டிருக்கிறாள். முடிந்ததும் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு, அது தன் மகள் குரல் என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் நம்பவில்லை. சாயங்காலம் மகள் வீடு திரும்பியதும் அம்மா கேட்ட முதல் வார்த்தை: "குரல் உன்னுதுதான். பேர் சொல்லலியே, ஏட்டி?"

பயிற்சியாளர் பெயரை அறிவிக்கும் வழக்கம் இல்லை என்று அங்கே சொன்னார்களாம். வழக்கம் என்பது யாரோ ஒருநாள் தொடங்கியதுதான். யாரோ ஒருநாள் மாற்றக்கூடியதும்தான். இந்த ஆண்டு எங்கள் துறையிலிருந்து பயிற்சிக்கு அனுமதி கேட்டு நிலையங்களுக்கு எழுதும் கடிதத்தில் மூன்று வரிகள் சேர்த்திருக்கிறேன். மாணவிகளுக்குத் தனி வருகைப் பதிவேடு வேண்டும். பயணச் செலவாவது வேண்டும். அவர்கள் ஆக்கம் ஒலிபரப்பானால், முடிவில் அவர்கள் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டுக்கும் மேலிடத்து உத்தரவு தேவைப்படலாம். மூன்றாவதற்கு நாலு விநாடி போதும்.